பாம்பின் வரவு செலவுக் கணக்கு

நாம் நாள்தோறும் மூன்று வேளை உண்கிறோம். வாரத்துக்கு ஓரிரு வேளை உண்டே நலமாக வாழும் பிராணிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று கார்ட்டர் பாம்பு.

வட அமெரிக்காவைச் சேர்ந்த இப்பாம்பை அங்கே பலர் வீட்டில் வளர்க்கின்றனர். இது மனிதருக்கு ஆபத்தில்லாதது. மண்புழு, தவளை, சிறு மீன் ஆகியவற்றைத் தின்னும். காலுறை நழுவாமலிருக்கக் கட்டும் பட்டையைப் போன்ற கோடுகள் உடலில் நீளவாக்கில் ஓடுவதால் இப்பெயர் பெற்றது.

இதற்கு எவ்வளவு உணவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண இயற்பியல் உதவும். உடல் செலவிடும் ஆற்றலை உணவு ஈடுசெய்ய வேண்டும், அவ்வளவே.

கணக்கிட்டுப் பார்ப்போம்

100 கிராம் எடையுள்ள எலி ஒன்று ஓய்வாக இருக்கும்போதே நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ கலோரி ஆற்றலைச் செலவிடுகிறது. உடலை எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டியிருப்பது இதற்கு முக்கிய காரணம். பாம்போ சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைப் பெறுகிறது. எனவே அதே எடையுள்ள பாம்புக்கு 30 டிகிரி செல்சியஸில் சுமார் 1.7 கிலோ கலோரி போதும். வாரத்துக்கு ஏறத்தாழ 12 கிலோ கலோரி. ஊர்ந்து திரிவதற்கும் செரிமானத்துக்கும் இதில் பாதியைக் கூட்டினால் 18 ஆகிறது.

ஒரு கிராம் மீனில் சுமார் ஒரு கிலோ கலோரி ஆற்றல் உள்ளது. உண்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை; சிறிது கழிவாகப் போகும். ஆகவே வாரத்துக்கு 20 கிராம் அளவில் மீன் தேவை. அதாவது, பாம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! இதை ஒரே வேளையாகவோ இரு வேளையாகவோ கொடுக்கலாம். சுண்டெலி இன்னும் செறிந்த உணவு. 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை போதும். நாம் பசிக்கும் வேளையெல்லாம் பாம்புக்கும் பசிக்கும் என்றெண்ணி நாள்தோறும் ஊட்டினால், அது கொழுத்து நோயுறும்.

குட்டிகளின் நிலை வேறு. 5 கிராம் குட்டி, தன் எடையில் ஒவ்வொரு கிராமுக்கும் பெரிய பாம்பைப் போல் இரு மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. வளர்ச்சிக்கும் உணவு வேண்டும், வயிறோ சிறியது. எனவே சிறு சிறு துண்டுகளாக இரண்டு நாளுக்கு ஒரு முறை கொடுப்பதே முறை.

வெப்பநிலையின் பங்கு

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் பாம்பின் ஆற்றல் செலவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். செரிமானமும் மந்தமாகும். குளிர்ந்த கூண்டில் வயிறு நிறைய ஊட்டினால் உணவு செரிக்காமல் அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். கூண்டின் ஒரு முனையைச் சுமார் 30 டிகிரியில் வைத்து, மறுமுனையைக் குளிர்ச்சியாக விட்டால், வேண்டிய இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும்.

கனடா நாட்டு மானிட்டோபாவில் நார்சிஸ் என்னும் இடம் இதற்கு நல்ல சான்று. அங்கே பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் புகுந்து, 7, 8 மாதங்கள் உணவின்றியே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உடல் குளிர்ந்திருப்பதால் செலவு மிகக் குறைவு. சேமித்த கொழுப்பே போதுமானதாகிறது.

அளவு மட்டும் போதுமா?

கணக்குச் சரியாக இருந்தும் பாம்பு இறக்கலாம். தங்கமீனிலும் கெண்டை இனத்தைச் சேர்ந்த சில மீன்களிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். இம்மீன்களையே தொடர்ந்து தின்னும் பாம்புக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டு வலிப்பு உண்டாகும். மீனை உறையவைத்தாலும் இந்த நொதி அழிவதில்லை. 80 டிகிரி நீரில் 5 நிமிடம் வைத்தால் அழியும். டிரௌட் மீனில் இத்தொல்லை இல்லை. எலும்புக்குக் கால்சியம் தேவை. ஆதலால் சதைத் துண்டை மட்டும் கொடுக்காமல், முள்ளோடு முழு மீனாகக் கொடுப்பது நல்லது.

இதைப் படித்ததும் நம் வயல்களில் காணும் தண்ணீர்ப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதுவும் மீனும் தவளையும் தின்றே வாழ்வது. கோடை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் அதற்கு ஒரே அளவு உணவுதான் தேவைப்படுமா? மேலே கண்ட கணக்கைக் கொண்டு, நீங்களே விடை காண முயலுங்கள்.