புதியதோடு ஒரு பழையதும் வாசியுங்கள்

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து, மாதத்தில் ஒருநாள் கூடும் வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறோம். ஆசிரியைகள், தையல் வேலை செய்பவர்கள், ஓய்வுபெற்ற தாதி ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் இருக்கிறோம். காதல், சரித்திர நாவல், கவிதை, தன்வரலாறு என்று நாலு வகையிலும் எங்கட மண்ணின் புத்தகங்களை வாசிக்க விருப்பம். எதை வாங்கலாம்? எல்லாமே போர்க்கதையாக இருந்தால் பிள்ளைகள் வராமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, வடமராட்சி

பதில்: அன்புள்ள சகோதரி, பிள்ளைகள் வருவார்கள். தொடங்கும் புத்தகம் சரியாக அமைந்தால் போதும். புதிய புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பழையது ஒன்றையும் வையுங்கள். பழையது இல்லாமல் புதியதின் கனம் பிடிபடாது.

காதலுக்கு மட்டும் பழையது ஒன்றே போதும். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். பருவத் தொழிலுக்காக நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி எனும் தற்காலிகக் குடில் போடும் மீனவர்கள், தீவுப் பெண்கள், வலைத் தகராறு, அதற்குள்ளே காதல். காற்றுத் திரும்பினால் தொழிலாளி வாடியைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியவன்; அவனை நம்பி மனசு வைத்தவள் கரையில் நிற்கவேண்டியவள். இதில் போர் கிடையாது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஒரே மூச்சில் வாசிப்பார்கள்.

சரித்திர நாவல் என்றதும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் காலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நாங்கள் வாழ்ந்து கடந்த நாற்பது வருடமும் இப்போது சரித்திரம்தான். வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023) எண்பதுகளின் யாழ்ப்பாணத்தைச் சொல்லும் ஆங்கில நாவல். பிரிட்டனின் பெண்களுக்கான புனைகதைப் பரிசை 2024இல் வென்றது. தொடக்கத்தில், கொதிதண்ணீர் பட்டு வெந்துபோன கதாநாயகி சசியின் உடம்பில் அயல்வீட்டுப் பொடியன் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். பின்னாளில் அவள் மருத்துவ மாணவி, அவன் விடுதலைப் புலிகள் இயக்கத்தில். யாழ்ப்பாண நூலக எரிப்பும் 83 யூலைக் கலவரமும் ஒரு குடும்பத்தின் குசினிக்குள்ளால் தெரிகின்றன. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்லட்டும். இதோடு தேவகாந்தனின் 'கனவுச்சிறை'யின் முதற்பாகத்தை வையுங்கள். 1981 தொடங்கி இருபது வருடத்தைச் சொல்லும் அந்தப் பெருநாவல் நயினாதீவிலிருந்து புறப்படுகிறது.

கவிதைக்குச் சேரனின் 'அஞர்' (2018). பக்கத்தில் 'சொல்லாத சேதிகள்', 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட தொகுப்பு. அ. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, மைத்ரேயி போன்றோர் அதில் எழுதியிருக்கிறார்கள். சீதனம், வீடு, வீதிச் சோதனை எல்லாவற்றையும் பெண்கள் தங்கள் வாயால் பேசிய புத்தகம் அது. உங்கள் வட்டத்துக்கு அது தாய்வீடு மாதிரி. கவிதையை மட்டும் வீட்டில் வாசித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும்.

தன்வரலாற்றைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் கடினமானது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவர் எழுதியது. 2015இல் அவர் புற்றுநோயால் இறந்தபின் வெளிவந்ததால் பெரிய விவாதமும் எழுந்தது. அதைத் தனியே வாசிக்கவேண்டாம். மயிலிட்டிப் புஷ்பராணியின் 'அகாலம்' (2012) கூடவே இருக்கட்டும். அவர் எழுபதுகளில் ஈழப் போராட்டத்துக்குள் வந்து, கைதாகிச் சித்திரவதைப்பட்டவர். இரண்டு பெண்கள், இரண்டு தலைமுறை, ஒரே கனவு. ஒரு சாட்சியத்தை மட்டும் வாசித்தால் கட்சி பிரிந்து சண்டை வரும். இரண்டையும் வாசித்தால் கேள்வி வரும். உங்கள் வட்டத்தில் போரில் பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கலாம். அவர்கள் பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். மனசு பாரமானால் அடுத்த மாதம் அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' இருக்கிறது. அதில் வரும் கொக்குவில் பிள்ளைப்பருவம் உங்களைச் சிரிக்கவும் வைக்கும்.

பழைய நூல்களை முதலில் நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் தேடுங்கள். ஈழத்து நூல்கள் பலவற்றை அங்கே இலவசமாக வாசிக்கலாம். சென்னைப் பதிப்புகள் இங்கே வந்துசேரும்போது விலை ஏறிவிடும். ஆளுக்கொன்று வாங்க வேண்டாம். காசு சேர்த்து ஒன்று வாங்கி, கைமாற்றி வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் அதைச் சனசமூக நிலைய வாசிகசாலைக்கே கொடுத்துவிடுங்கள். நாலு மாதத்தில் உங்கள் ஊருக்கு ஒரு தட்டுப் புத்தகம் சேர்ந்திருக்கும்.