அம்மிணிக்கு ஒரு கூலிங் கிளாஸ்

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று நீ போனில் அனுப்பிய ஐந்து படங்களையும் பார்த்தேன். ஐந்து கண்ணாடியுமே உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'கோல்ஃபுக்கு எது நல்லா இருக்கும் மாமா?' என்று கேட்ட பிள்ளைக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுக்க மனசு வரவில்லை. முப்பது வருஷமாக மூக்குக் கண்ணாடி விற்கிறவன், ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடப்போய்ப் பந்தைத் தொலைத்துவிட்டு வருகிறவன், இரண்டும் சேர்ந்த ஆள் நம் குடும்பத்தில் நான் ஒருத்தன்தான். கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

கடைக்கு வருகிறவர்கள் பலர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இன்னும் கறுப்பா இல்லையா?' என்பார்கள். கறுப்பு வேறு, காப்பு வேறு. வெளிச்சம் குறைந்தால் கண்ணின் பாப்பா விரியும். வெறும் சாயம் போட்ட லென்ஸ் என்றால், விரிந்த அந்த வாசல் வழியாகப் புற ஊதாக் கதிர் தாராளமாக உள்ளே போகும். அதற்கு வெறுங்கண்ணே தேவலை. 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கிற லென்ஸுக்குத்தான் 'யூவி 400' என்று பெயர். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை நம்பாதே. கண்ணாடிக் கடைகளில் சின்னதாக ஒரு மீட்டர் இருக்கும். லென்ஸை வைத்து அழுத்தினால் இரண்டு நொடியில் சொல்லிவிடும். வைத்துக் காட்டச் சொல், கூச்சப்படாதே. மீட்டர் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போ.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அத்தனையும் திறந்த வெளி. வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கிறவர்களுக்குக் கண்ணின் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும். மைதானத்தில் பை தூக்கி வரும் வயதான கேடிகள் சிலரிடம் நீயே பார்த்திருப்பாய். கண்புரைக்கும் வெயில் ஒரு காரணம். இந்த லீவுக்கு ஊட்டி மைதானத்தில் ஆடப்போகிறாய் அல்லவா, அங்கே குளிருகிறதே என்று கண்ணாடியைப் பையில் போட்டுவிடாதே. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோயம்புத்தூர் 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கணக்கை நீயே போட்டுக்கொள்.

இனி கறுப்பின் அளவு. காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கம் பொடி எழுத்தில் 0 முதல் 4 வரை ஒரு எண் போட்டிருக்கும். 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் உள்ளே வரும். 2 என்றால் 18 முதல் 43. நம்மூர் சமவெளி வெயிலுக்கு 3 சரி. ஊட்டியில் ஒரு குழி வெயிலில் கிடக்கும், அடுத்தது மரநிழலில் கிடக்கும், நடுவில் மூடுபனி வேறு. அங்கே 2 போதும். 4ஆம் எண் பனிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

இப்போது உன் பட்டியலில் விலை அதிகமான அந்தப் போலரைஸ்டு கண்ணாடிக்கு வருகிறேன். இதில் அடிபட்டவன் நான், கடையும் என்னுடையது, ஏமாந்தவனும் நானே! தண்ணீர், தார்ரோடு, புல் எதன் மேலாவது பட்டுத் தெறிக்கும் கூச்சவெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாக்கில் அதிர்கிறது. நெட்டுக்கம்பி போட்ட ஜன்னலில் ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே போகும், படுக்கவைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும். போலரைஸ்டு லென்ஸ் செய்வது அந்த ஜன்னல் வேலைதான். கார் ஓட்டவும் குளத்தில் மீன் பிடிக்கவும் அதை மிஞ்ச ஒன்றில்லை.

ஆனால் கோல்ஃபில் அந்தப் பளபளப்புதான் நமக்குச் செய்தி. வெயிலூர்களில் குழியைச் சுற்றியுள்ள கிரீன் தரையில் பெர்முடா வகைப் புல் அதிகம். அது நிமிர்ந்து வளராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து படரும். அந்தச் சாய்வுக்குத்தான் கிரெயின் என்று பேர். புல் உன்னைவிட்டு அப்பால் சாய்ந்திருந்தால் தரை வெளுத்து மினுக்கும், பந்து ஓடும். உன்னைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் தரை கருத்து மங்கும், பந்து திணறி நிற்கும். நான் புதுப் போலரைஸ்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு போன முதல் ஞாயிறு கிரீன் முழுக்க ஒரே சீராக, விரித்த ஜமக்காளம் மாதிரி தெரிந்தது. அடடா, என்ன தெளிவு என்று மெச்சிக்கொண்டே எட்டடி தூரத்திலிருந்து குழியை நோக்கிப் பட் அடித்தேன். பந்து குழியைத் தாண்டி இன்னொரு ஆறடி போனது. கூட வந்த கேடி ஒன்றும் சொல்லவில்லை. என் மூக்கிலிருந்த கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் குழி ஓரத்தைக் காட்டினார். ஒரு பக்கம் விளிம்பு சீவினாற்போல் இருந்தது, எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுத்திருந்தது. பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் படர்கிறது. எந்தக் கண்ணாடி போட்டாலும் அது தெரியும் என்பதால் இன்றைக்கும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

போலரைஸ்டு மாட்டினால் தூரம் மட்டுப்படாது என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தூரம் அளக்கும் கருவியின் திரையோ போன் திரையோ சில கோணத்தில் இருண்டுபோவது நிஜம். கடையில் போனைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார். திரை கறுத்தால் அது போலரைஸ்டு. உனக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

நிறத்துக்கு வா. சாம்பல் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மங்கச் செய்யும், குற்றமில்லை, உதவியும் இல்லை. பழுப்பு, செம்பு நிறங்கள் நீலத்தைக் குறைத்துவிடும். வானம் சற்று அடங்கும், வெள்ளைப் பந்து அதில் எடுத்துக் காட்டும், பச்சைக்குள் பச்சை பிரிந்து தெரியும். நான் வாங்கச் சொல்வது பழுப்பு. மஞ்சள் மூடுபனிக்கு மட்டும். மேலே பூசும் கண்ணாடிப் பளபளப்பு பெரும்பாலும் அழகுக்குத்தான், கீறல் விழுந்தால் அதுவும் போச்சு.

அடுத்தது பிரேம். இதைத்தான் யாரும் கடையில் சோதிப்பதில்லை. எல்லோரும் நேராக நின்று முகக்கண்ணாடியைப் பார்க்கிறார்கள். நீ பந்தைப் பார்ப்பது குனிந்து, லென்ஸின் அடிப்பகுதி வழியாக. அங்கே பிரேமின் கீழ் விளிம்பு குறுக்கே ஓடினால் பந்து பாதியாகத் தெரியும். அதனால்தான் கோல்ஃப் ஆடுகிறவர்கள் பலர் கீழே விளிம்பில்லாத அரை பிரேம் போடுகிறார்கள். கடையில் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, ஆடுகிற மாதிரி குனிந்து நின்று பார். அப்படியே தோளைத் திருப்பு, கண்ணாடி நழுவக்கூடாது. வியர்வையிலும் பிடித்து நிற்கிற ரப்பர் மூக்கில் உட்காரட்டும். லென்ஸின் உட்பக்கம் கூச்சம் தடுக்கும் பூச்சு இருந்தால் வெயில் முதுகில் அடிக்கும்போது உன் கண்ணே உனக்குத் தெரிகிற தொல்லை இருக்காது.

உனக்கு மைனஸ் பவர் இருக்கிறதே, முகத்தைச் சுற்றி வளைந்த மாடல் வேண்டாம். அந்த வளைவில் பவர் போட்டால் ஓரங்கள் கோணும். 2001இல் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்த டேவிட் டுவாலை அப்படி வளைந்த கண்ணாடியோடுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். உனக்கு அது கான்டாக்ட் லென்ஸ் போட்டால்தான் சரிவரும். இல்லையென்றால் வளைவு குறைந்த பிரேமில் பவரோடு செய்து தருகிறேன். வெயில் பட்டால் கறுக்கும் லென்ஸ் உன்னிடம் இருக்கிறது என்றாய். சூட்டில் அது முழுசாகக் கறுக்காது. சித்திரை மாதம் நம்மூரில் பாதிக் கறுப்பில் நிற்கும், குளிரில் நன்றாகக் கறுத்துவிட்டு வெளுக்கச் சோம்பேறித்தனம் பண்ணும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், கண்ணாடிச் சில்லு வேண்டவே வேண்டாம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. கண்குழியின் வாயும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பாலிகார்பனேட் எளிதில் உடைந்து கண்ணில் குத்தாது, அவ்வளவே. நேராக வரும் பந்துக்கு அது கவசமில்லை. யாராவது 'ஃபோர்' என்று கத்தினால் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்காதே. தலையைக் கையால் மூடிக்கொண்டு குனி.

ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் கிரீனுக்கு வா. ஆறு மணிக்கு வேண்டாம், அந்த வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். எட்டரைக்கு வா, வெயில் ஏறட்டும். கடையிலிருந்து நாலு எடுத்து வருகிறேன், என் பழைய போலரைஸ்டும் சேர்த்து. ஒவ்வொன்றாக மாட்டிப் பட் அடித்துப் பார். விலையைப் பற்றி அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே, நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமா