முன்பணம் கொடுக்கும் முன் பத்திரம் படியுங்கள்

மனை பிடித்துவிட்டது, புரோக்கர் அவசரப்படுத்துகிறார். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். நடுவில் ஒரு கைமாற்றம் விட்டுப்போனாலும் பிற்பாடு வழக்கு வரலாம்.

2. முப்பது வருட வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பதியாத உயிலோ, நடக்கும் வழக்கோ தெரியாமல் போகலாம். அதனால் பூர்வீகச் சொத்தென்றால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் பங்கு உண்டு, அவர்கள் கையெழுத்தும் வேண்டும்.

3. பட்டா இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது வருவாய்த்துறை ஆவணம். உரிமையைத் தருவது பத்திரம்தான். இரண்டிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும்.

4. பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தோடு மனையில் போய் நில்லுங்கள். 'வடக்கே 20 அடி பாதை' என்றிருந்தால் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பலர் ஏமாறுவது இந்தப் பாதையில்தான்.

5. பவர் ஏஜென்ட் விற்கிறாரா? சொத்துக்காரரை நேரில் பாருங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது.

6. டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகார எண்ணைச் சரிபாருங்கள். அங்கீகாரமில்லாத மனையில் வீடு கட்ட அனுமதி வாங்குவது பெரும்பாடு.

7. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் இது கட்டாயம்.

இவ்வளவும் பார்த்த பிறகும், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பத்திரங்களைக் காட்டிவிடுங்கள். அந்த ஃபீஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.