கடல் சாமந்தி வெளுத்தால் விளக்கைக் கூட்டலாமா?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு நீமோ மீன்களுக்குத் துணையாக ஒரு ‘பப்பிள் டிப்’ கடல் சாமந்தி வாங்கினேன். ஒரு மாதம் நன்றாக விரிந்திருந்தது. வெயில் காலம் தொடங்கியதும் பழுப்பு நிறம் போய் வெளுத்துவிட்டது. நாளுக்கொரு இடமாக நகர்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கடைக்காரர் விளக்கைக் கூட்டி, தினமும் இறால் ஊட்டச் சொல்கிறார். செய்யலாமா?

— ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் வேண்டாம். தொட்டியில் ஏதோ ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் வைத்தியம். புதிதாக எதையும் சேர்ப்பது இப்போதைக்குக் கெடுதல். முதலில் நிறத்தைப் பார்ப்போம். நீங்கள் கண்ட பழுப்பு, சாமந்தியின் திசுக்களுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகளுடையது. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து அதில் பெரும்பங்கைச் சாமந்திக்குக் கொடுக்கிறது. சாமந்தி அதற்கு இடமும் தன் கழிவில் உள்ள சத்தும் தருகிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடேறினால் இந்த ஏற்பாடு குலைகிறது. பாசிக்குத் தான் வாங்கிய ஒளியைச் செலவழிக்க முடிவதில்லை. செல்லைச் சிதைக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. சாமந்தி தற்காப்பாகப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பாசியே ஒளியைச் சமாளிக்க முடியாமல் திணறும்போது விளக்கைத் திடீரென்று கூட்டினால் என்ன ஆகும்? அதுவும் போய்விடும். ‘வெளுத்திருக்கிறது, அதனால் வெளிச்சம் போதவில்லை’ என்று சொல்வது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு மாதம் அதே விளக்கின் கீழ்தானே நன்றாக விரிந்திருந்தது? இடையில் மாறியது விளக்கு இல்லை, வெயில்.

‘வயதாகியிருக்கும், போகிற காலம் வந்திருக்கும்’ என்ற சமாதானமும் உங்களுக்குச் சொல்லப்படலாம். நம்பாதீர்கள். 1828-இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரைப் பாறையிலிருந்து சர் ஜான் கிரஹாம் டால்யெல் ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்தார். ‘கிரானி’, அதாவது பாட்டி, என்று பிற்பாடு பெயர் பெற்ற அது எடின்பரோவில் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் 1887 வரை உயிரோடு இருந்தது. டால்யெல் 1851-லேயே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் கைமாறிக் கைமாறி, நூற்றுக்கணக்கில் குட்டி போட்டு, 59 ஆண்டு சாடி வாசம் செய்தது. மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது, மின்சாரமே கிடையாது. கடல் சாமந்திகளுக்கு முதுமை என்று ஒன்று வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆகவே வீட்டுத் தொட்டியில் மூன்றாம் மாதமே ஒரு சாமந்தி செத்தால் காரணத்தைத் தண்ணீரில் தேட வேண்டும்.

இங்கே ஒரு எதிர்வாதம் நியாயமாகவே எழும். அந்தச் சாடியில் நீரை அடிக்கடி மொத்தமாக மாற்றினார்களே, அதைத் தாங்கியது இதைத் தாங்காதா? கிரானி வேறு வகை. அது குளிர்கடல் பாறையில், ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் வாழும் ஜாதி. ஒரு நாளில் நீருக்குள்ளும் வெளிக்காற்றிலும் மாறி மாறிக் கிடந்து பழகியது. உள்ளே பாசி இல்லாததால் விளக்கும் அதற்கு ஒரு பொருட்டில்லை. நீங்கள் வளர்ப்பது வெப்பக்கடல் பவளத்திட்டின் உயிர். அங்கே நீர் சூடாவதும் குளிர்வதும் வாரக்கணக்கில் நடக்கும் காரியம். போதாக்குறைக்கு, கிரானிக்கு ஊற்றியது ஒவ்வொரு முறையும் அதே கடலின் நீர். நீர் புதிது, உப்பு பழையது. தொட்டி வைத்திருக்கும் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நீரை அப்படியே விட்டுவிட்டு உப்பை ஏற்றி இறக்குகிறோம்.

எப்படி என்றால், உங்கள் 200 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் தொட்டி சூடாகிறது என்று மேலே ஒரு ஃபேன் வைக்கிறீர்கள். ஃபேன் குளிரவைப்பது ஆவியாக்கித்தான். ஒரு நாளைக்கு 5 லிட்டர் போகிறது என்று வையுங்கள். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் 190 லிட்டரில் 200 லிட்டருக்கான உப்பு. ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு 36.8-ஐத் தாண்டிவிடும். மூன்றாம் நாள் காலை ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் பழையபடி 35. மீனுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அதன் சிறுநீரகமும் செவுளும் சமாளித்துக்கொள்ளும். சாமந்திக்கு அப்படி ஓர் உறுப்பே கிடையாது. எலும்பில்லாத, நீர் நிரம்பிய உடல் அது; வெளியே உப்பு எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. வாரத்துக்கு இரண்டு முறை இப்படி இழுத்து இழுத்து விட்டால், பாறையைப் பற்றியிருந்த காலை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கிறது. நீங்கள் பார்க்கும் நாளுக்கொரு நகர்வுக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னையின் புழுக்கத்தில் ஃபேனால் குளிரவைக்க முடிவதும் குறைவு என்பதால், சூடு முழுதாகப் போகாமலே உப்பு ஏறும். இந்த ஊரில் சாமந்தி வளர்ப்பவருக்குச் சில்லர் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பணமில்லை என்றால் சாமந்தியைத் தவிர்ப்பதே நேர்மை.

இனி இறால் விஷயம். பாசி போய்விட்டால் வருமானம் நின்றுபோன வீடுதானே, வெளியிலிருந்து சோறு போட்டால் என்ன என்று கேட்கலாம். கொஞ்சம் போடலாம். வாரத்துக்கு இரண்டு முறை, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, உப்பும் மசாலாவும் படாத பச்சை இறால் துண்டு. தினமும் முழு இறால் என்பது வேறு கதை. சாமந்திக்கு வாயும் கழிவுவாயும் ஒன்றே. சோர்ந்துபோன உடல் பெரிய துண்டைச் செரிக்க முடியாமல் உள்ளேயே அழுகவிட்டு, மறுநாள் கக்கும். அதில் அம்மோனியா ஏறும். ஐந்து மாதத் தொட்டியின் பாக்டீரியாக் கூட்டம் அதைச் சமாளிக்கும் என்று நம்ப முடியாது. (ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம், ஓடிய தொட்டியில்தான் சாமந்தியை இறக்க வேண்டும் என்பது இதனால்தான். இதை வாங்கும் முன் யாரும் சொல்வதில்லை.)

வெளுத்தது தானாகத் தேறுமா என்ற சந்தேகத்துக்குக் கடலிலேயே விடை இருக்கிறது. 2015–16 எல் நினோ வெப்பத்தில், பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவைச் சுற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்காணித்துவந்த சாமந்திகளில் ஏறக்குறைய பாதி வெளுத்தன. அவற்றில் குடியிருந்த கோமாளி மீன்கள் (உங்கள் நீமோவின் உறவு) முட்டையிடுவதும் வெகுவாகக் குறைந்தது. நீர் குளிர்ந்த பிறகு சாமந்திகளுக்கு நிறம் திரும்பியது, மீன்களும் மெல்லப் பழைய நிலைக்கு வந்தன. அங்கே யாரும் விளக்குப் போடவில்லை, இறாலும் ஊட்டவில்லை. சூடு தணிந்தது, காலம் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூன்று நாளைக்கு விடியற்காலையும் மாலை மூன்று மணிக்கும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். 25-க்கும் 27-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஆட்டம் இருந்தால் அதுதான் குற்றவாளி. உப்பைப் பிளாஸ்டிக் முள் கருவியால் அளக்காமல் ரிஃப்ராக்டோமீட்டரால் அளந்து 35-இல் நிறுத்துங்கள். குறைகிற நீரைத் தினமும், இயன்றால் தானியங்கி டாப்-அப் வைத்துச் சிறுகச் சிறுக ஈடுகட்டுங்கள். அந்த நீர் குடிக்கும் ஆர்.ஓ. நீராக இருந்தால் ஒரு டிடிஎஸ் மீட்டரை அதில் போட்டுப் பாருங்கள்: வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஒரு திருகு இருக்கும். குடிக்க அது நல்லது, இங்கே ஆகாது. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கென்று தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் எந்தக் காலத்திலும் ஊற்றாதீர்கள். விளக்கு இருந்தபடியே எட்டு மணி நேரம் எரியட்டும். வேவ் மேக்கரின் வாய்க்கு இன்றே நுரைப் பஞ்சு உறை மாட்டுங்கள். அலைகிற சாமந்தி அதில் சிக்கினால் மிக்ஸியில் போட்டது போல ஆகி, மறுநாள் மீன்களும் மிதக்கும்.

சாமந்தி நாளில் ஒருமுறை சுருங்கி, பழுப்பான சளியைத் தள்ளிவிட்டு மறுபடி விரிந்தால் பயப்படாதீர்கள். அது வயிற்றைக் கழுவிக்கொள்கிறது. வாய் ஓயாமல் பிளந்து உள்ளுறுப்பு வெளியே தொங்குவதும், கால் எதையும் பற்றாமல் நீரோட்டத்தில் உருள்வதும், தொட்டால் கொடுக்கு விரலில் ஒட்டாததும் சேர்ந்து வந்தால் நிலைமை வேறு. அழுகல் நாற்றமும் வந்துவிட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு இரவு தள்ளிப்போட்டாலும் தொட்டி முழுக்கப் போய்விடும்.

கேள்வி: சாமந்தி இல்லாமல் நீமோ ஏங்கிப்போகாதா?

பதில்: போகாது. கடலில் சாமந்தி இல்லாத கோமாளி மீனைப் பெரிய மீன் விழுங்கிவிடும். உங்கள் தொட்டியில் விழுங்க யாரும் இல்லை. மீனின் கழிவு அம்மோனியா சாமந்தியின் பாசிக்கு உரமாகிறது என்று ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் வீட்டுத் தொட்டியில் அந்த உரத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருப்பதில்லை. இன்னொன்று, படங்களில் பிரபலமான நீமோ வகை கடலில் பப்பிள் டிப்பில் குடியிருப்பதே இல்லை. தொட்டியில் வேறு வழியின்றி ஒத்துப்போகிறது. இப்போது உங்கள் சாமந்திக்கு இரண்டு மீன்கள் இரவும் பகலும் முட்டி மோதுவது நல்லதுக்கில்லை. அது தேறும்வரை துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை நடுவில் வைத்துப் பிரித்துவிடுங்கள். மீன்களுக்கு ஒரு சிறு மண் தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும். மீன் குஞ்சு பொரிப்பகங்களில் பெரும்பாலும் மண் தொட்டியிலும் டைல்ஸ் துண்டிலும்தான் அவை முட்டையிடுகின்றன.