பொறியியற் கல்லூரிச் சேர்க்கையும் மதிப்பெண் கணக்கும்

வளர்ச்சிப் பணியின் பொருட்டு ஊர்தோறும் செல்லும் நம்மிடம் பெற்றோர் பலரும் கேட்கும் வினா ஒன்றுண்டு: "இரு பிள்ளைகளும் ஒரே மொத்த மதிப்பெண் வாங்கினார்கள், ஒருவனுக்கு மட்டும் விரும்பிய பொறியியற் கல்லூரி கிடைத்தது எப்படி?" இதில் சூது ஏதுமில்லை. கணக்குத்தான் உள்ளது. அதனைக் கிராம மக்கள் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

தமிழ்நாட்டில் 1984 முதல் நுழைவுத் தேர்வு நடைபெற்றுவந்தது. அதற்கு 100, பள்ளிப் பாடங்களுக்கு 200, ஆக 300 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை வகுத்தனர். பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தமையால் நாட்டுப்புற மாணவர்க்கு இது இடையூறாயிற்று. 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அத்தேர்வு நீங்கியது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை.

கணக்கு முறை

கணித மதிப்பெண் 100க்கு முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து 50 வீதமும் கொள்ளப்படுகின்றன. மூன்றும் சேர்ந்த 200க்கான மதிப்பெண்ணையே 'கட் ஆஃப்' என்கிறோம்.

ஒரு மாணவன் கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 70 வீதம் பெற்றான் எனக் கொள்வோம். அவனது கட் ஆஃப் 90+35+35=160. வேறொருவன் கணிதத்தில் 70, மற்ற இரண்டிலும் 80 வீதம் பெற்றால் 70+40+40=150. இருவர்க்கும் மூன்று பாடங்களின் மொத்தம் 230தான். எனினும் தரவரிசையில் 10 மதிப்பெண் இடைவெளி! அரை மதிப்பெண் வேறுபாடே பல இடங்கள் பின்தள்ளிவிடும் பட்டியலில் இது பெரிய இடைவெளியாகும். கணிதத்தில் கூடுதலாகப் பெறும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் பெறும் இரண்டுக்குச் சமம்.

வேறு வாரியத்தில் பயின்றோர் மதிப்பெண்ணும் ஒப்பிட்டுச் சமன் செய்யப்படுகிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, பிற வாரியத்தில் 90 என்றால், அந்த 90உம் 100ஆகக் கருதப்படும். அவ்வாரியத்தில் 72 பெற்றவர்க்கு 80 ஆகும். கட் ஆஃப் சமமாக இருப்பின் முதலில் கணிதமும், அடுத்து இயற்பியலும் நோக்கப்படும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடங்களுக்குள்ளும் முந்துவோரைத் தீர்மானிப்பது இதே கட் ஆஃப்தான்.

நாம் செய்யத்தக்கவை

இக்கணக்கைத் தேர்வு முடிவு வந்தபின் அறிவதால் பயனில்லை. பதினோராம் வகுப்பில் சேரும்போதே மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, ஊரிலுள்ள படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம். அதற்கு ஊராட்சிக் கட்டடமொன்றை ஒதுக்கித் தரலாம். மொழிப்பாடங்கள் கட் ஆஃபில் சேராவிடினும், அவற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதை மறத்தலாகாது.

உழைத்துப் படித்த பிள்ளை, கணக்கறியாமையால் வாய்ப்பிழத்தல் ஊருக்கே இழப்பு. அவ்விழப்பைத் தவிர்க்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. உரிய காலத்தில் உரைக்கும் ஒரு சொல் போதும்.