கரைய வேண்டியது கரையட்டும்: அவுட்போர்டு மெக்கானிக் ஆகப்போகும் தம்பிகளுக்கு

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிற இடத்தில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன. படகின் பின்பக்கத்து அவுட்போர்டு மோட்டாரை நம்பித்தான் படகுக்காரர் வீட்டில் உலை கொதிக்கிறது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைக்கு எண்ணூரிலிருந்து காசிமேடு வரை வேலை உண்டு. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களும், ஏற்கெனவே ஸ்பேனர் பிடித்திருப்பவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் கரைந்து மோட்டாரைக் காக்கும் ஒரு சின்ன உலோகக் கட்டியை. அதன் பெயர் அனோடு. கடையில் ‘ஜிங்க்’ (துத்தநாகம்) என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அது ஏன் கரைகிறது?

மோட்டாரின் உடம்பு அலுமினியம். காத்தாடி (புரொப்பெல்லர்) சுழலும் தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் ஒட்டியிருக்க, சுற்றிலும் உப்புத்தண்ணீர். இது ஒரு பேட்டரிக்குச் சமம். மின்னோட்டம் ஓடும், இரண்டில் வலுக்குறைந்த அலுமினியம் கரையத் தொடங்கும். அதைவிட எளிதில் கரையக்கூடிய மூன்றாவது உலோகத்தை மோட்டாரோடு சேர்த்து மாட்டிவிட்டால், அரிப்பு முழுவதையும் அது தன் மேல் வாங்கிக்கொள்ளும். 1824-லேயே இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டை இரும்பு, துத்தநாகத் துண்டுகளால் காக்கலாம் என்று காட்டினார். இன்றைக்குக் கப்பலுக்கும், துறைமுகத்து இரும்புத் தூண்களுக்கும், மண்ணுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்களுக்கும் இதே தத்துவம்தான் காவல். நம் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் அரிப்பைத் தடுப்பது ஒரு முக்கியமான ஆய்வுத்துறை.

“கரையவே இல்லண்ணா!”

பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர் பெருமையாகச் சொல்வார்: “ரெண்டு வருசம் ஆச்சுண்ணா, ஜிங்க் அப்டியே கீது. நல்ல சரக்கு!” அந்தப் பேச்சைக் கேட்டதும் நீங்கள் உஷாராக வேண்டும். குனிந்து பாருங்கள். கட்டியின் மேல் மோட்டாருக்கு அடித்த அதே பெயின்ட் வழவழவென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் கட்டிக்கும் உடம்புக்கும் நடுவில் வெள்ளைப் பொடி கொட்டும். கொஞ்சம் தள்ளி, கியர் உறையின் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் கொப்பளம் உடைந்து, உள்ளே அலுமினியம் குழி விழுந்திருப்பது தெரியும். கட்டி முழுசாக இருந்தது, மோட்டார் கரைந்துகொண்டிருந்தது. சொறசொறவென்று தேய்ந்து, ஓரம் தின்னப்பட்டிருக்கும் அனோடுதான் நன்றாக வேலை செய்யும் அனோடு.

எந்த உலோகம் வாங்குவது?

கடலில் மட்டும் ஓடும் மோட்டாருக்குத் துத்தநாகம் போதும். ஆனால் நம் படகுகள் கடலுக்கும் போகின்றன, கழிமுகத்துக்குள்ளும் தொழில் செய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கும்போது ஆற்றுத்தண்ணீரில் உப்பு குறையும். உப்பு குறைந்த தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு கட்டிக்கொண்டு வேலை நின்றுபோகும். அதனால் கழிமுகத்துக்கு ஏற்றது அனோடுக்கென்றே வார்த்த அலுமினியக் கலவை. கடல், கழிமுகம் இரண்டிலும் அது உழைக்கும். மக்னீசியம் நன்னீர் ஏரிக்கு உரியது. கடலில் போட்டால் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரே மோட்டாரில் இரண்டு வகை உலோகத்தைக் கலக்காதீர்கள்.

எங்கே தேடுவது?

மாடலுக்கு மாடல் இடம் மாறும். காத்தாடிக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டின் அடியில் ஒன்று இருக்கும். பல மோட்டார்களில் அங்கே தொங்கும் சிறு துடுப்பே அனோடுதான். படகில் மாட்டும் பிராக்கெட்டின் அடியில் இன்னொன்று இருக்கலாம். சில மோட்டார்களில் எஞ்சின் தலைக்குள், தண்ணீர் ஓடும் பாதையிலும் சின்னச் சின்னக் கட்டிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் பலர் மறப்பது இவற்றைத்தான். கையேட்டில் அவற்றின் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முறை

1. பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். முழுக்கத் தீரும்வரை விட்டால் போல்ட்டைச் சுற்றிய பகுதி கரைந்து, கட்டி கடலில் விழுந்துவிடும். பல அனோடுகள் காணாமல் போவது இப்படித்தான்.
2. உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளக்கும் உலோகம் தெரியச் செய்யுங்கள். உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். நடுவில் பெயின்ட், கிரீஸ், பசை எதுவும் கூடாது.
3. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, சரியான இறுக்கம் கொடுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு திரும்ப இறுக்கிப் பாருங்கள்.
4. மல்டிமீட்டரின் ஒரு முனையை அனோடிலும், மறுமுனையை மோட்டாரின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். தடை ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். கூடினால் கழற்றி, மறுபடி தேயுங்கள்.
5. அனோடின் மேல் ஒருபோதும் பெயின்ட் அடிக்காதீர்கள். செம்பு கலந்த பெயின்டை மோட்டாரின் எந்தப் பகுதியிலும் சேர்க்காதீர்கள்; அது அலுமினியத்தைத் தின்னும்.

எண்ணூருக்கென்று இன்னொரு வேலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தையே மூடியது. படகும் வலையும் கருத்துப்போனதை ஊர் மறக்காது. எண்ணெய்ப் படலம் அனோடின் மேல் ஒட்டினால் அது பெயின்ட் அடித்ததற்குச் சமம். துடைத்து, பிரஷ் போட்டு, உலோகத்தை வெளியே கொண்டுவாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் ஓடும் மோட்டாருக்குத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லரும் சீக்கிரம் தேயும். அனோடைப் பார்க்கும் அன்றே அதையும் பார்த்துவிடுங்கள்.

கரையில் செய்ய வேண்டியது

தண்ணீருக்குள் முங்கியிருக்கும் வரைதான் அனோடு காவல் காக்கும். மோட்டாரைத் தூக்கியபின் உப்பு காய்ந்து உள்ளே படிகமாகும். அதற்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. தொழில் முடிந்து வந்ததும், காத்தாடிக்கு மேலுள்ள தகடும் மூழ்கும் அளவுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சுகிறதா என்பதில் கண் இருக்கட்டும். டிரம் தண்ணீர் உப்பேறியதும் மாற்றிவிட வேண்டும்.

தொழிலாக எடுக்க

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ராயபுரத்தில் சிஃப்நெட் எனப்படும் மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இருக்கிறது. அங்கே மரைன் ஃபிட்டர் பயிற்சி இரண்டு ஆண்டு. சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் பழுதுக்காகக் கரையேறும். இரும்பு உடம்புப் படகுகளின் அடிப்பாகத்தைப் போய்ப் பாருங்கள்: கட்டி எங்கே மாட்டியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஏன்? மூத்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். வாசலில் இருக்கும் பள்ளிக்கூடம் அது.

வேலைக்கு வந்தபின் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தப் படகு, எந்த மோட்டார், அனோடு மாட்டிய தேதி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி. பழைய கட்டியைக் கழற்றியதும் உரிமையாளர் கையிலேயே கொடுத்து, “அண்ணா, இது கரைஞ்சதாலதான் உங்க கியர்பாக்ஸ் தப்பிச்சுது” என்று காட்டுங்கள். அடுத்த முறை அவரே தேதி கேட்டு வருவார்.

கியர் உறையில் ஓட்டை விழுந்த மோட்டாரை மாற்றக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு அந்தச் சீசன் முழுக்க நட்டம். அதைத் தடுப்பது விலை குறைந்த ஒரு கட்டியும், அதைக் குனிந்து பார்க்கும் ஒரு கண்ணும். தம்பி, நாளைக்குப் பட்டறைக்கு வரும் முதல் மோட்டாரில், மேல்மூடியைத் திறக்கும் முன் கீழே குனிந்து அனோடைப் பாருங்கள்.