சவ்வுக்குள் புரதம் நுழைவது எப்படி?

செல்சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனதுன்னு பாடத்துல படிச்சிருக்கோம். படம் வரையும்போது நடுநடுவே பெரிய உருண்டைகள் போடுவோமே, அவைதான் சவ்வுப் புரதங்கள். வரைஞ்சா மார்க் கிடைச்சிடும். ஆனா, அவை அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தன?

சவ்வுக்குள் இருக்க வேண்டிய பகுதிக்கு எண்ணெய்க் குணம், தண்ணீரோடு சேராது. புரதம் தயாராவதோ தண்ணீர் நிறைந்த சைட்டோபிளாசத்தில். முழுசா செஞ்சு முடிச்சுட்டு அனுப்பினால், வழியிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் செல் என்ன செய்கிறது தெரியுமா? செய்யும்போதே செருகிவிடுகிறது!

ரைபோசோம் பூ தொடுப்பது போல அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும். எண்ணெய்க் குணமுள்ள முதல் துண்டு வெளியே தலைகாட்டியதும், 'சமிக்ஞை அறியும் துகள்' வந்து பிடித்துக்கொள்ளும். கோக்கும் வேகம் குறையும். துகள் அப்படியே ரைபோசோமை எண்டோபிளாச வலைக்குக் கூட்டிக்கொண்டு போகும். அங்கே 'செக்-61' என்றொரு வாசல். அது பக்கவாட்டிலும் திறக்கும்! எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலங்கள் தொடர்ந்து சுமார் 20 வந்தால், அந்தத் துண்டு பக்கவாட்டில் நழுவிக் கொழுப்புக்குள் போய்விடும். ஏன் 20? சவ்வைக் குறுக்கே கடக்க அந்த நீளம் வேணும். பிறகு சிறு பைகளில் ஏறி, கோல்கை வழியாகச் செல்சவ்வுக்குப் பயணம்.

போக வேண்டிய முகவரி புரதத்திலேயே எழுதியிருக்கு என்று கண்டுபிடித்த குந்தர் புளோபலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, கோத்ததில் ஒன்று விட்டுப்போனால்? சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். சவ்வை 12 முறை கடக்கும். குளோரைடு அயனி போகும் வழி அது. அதில் 508-ஆவது ஃபினைல்அலனின் ஒன்றே ஒன்று இல்லாவிட்டால் புரதம் சரியாக மடியாது. செல்லின் சோதனையில் பெயிலாகி, பெரும்பாலும் சவ்வுக்குப் போகாமலே அழிக்கப்படும். இத்தனைக்கும், போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான்! அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தக் குறையுள்ள ஜீன் வந்த குழந்தைக்கு நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும், மூச்சு விடவே சிரமம். இதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

2019-ல் அமெரிக்காவில் இதற்கு மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு மருந்துகள் புரதம் மடியக் கைகொடுத்துச் சவ்வுக்கு அனுப்பிவைக்கும். மூன்றாவது, அங்கே போன வழியைத் திறந்து வைக்கும். ஜீனில் உள்ள குறை அப்படியேதான் இருக்கும், அதனால் மாத்திரையைத் தினமும் சாப்பிடணும்.